எண்ணெய் சிபிடி-யா, பேச்சு சிபிடி-யா?

இந்த மாசம் வந்த லெட்டர்ல பாதி படபடப்பு, மீதி கஞ்சா எண்ணெய், ரெண்டும் சேர்ந்தே வந்ததும் உண்டு. முதல் லெட்டரை வெட்டாம முழுசா போடுங்கன்னு ஆசிரியர்கிட்ட நானேதான் கேட்டேன், ஏன்னா அதுல தப்பு அந்தத் தம்பி மேல இல்லை, எங்க டாக்டர் கூட்டத்து மேல.

கேள்வி: டாக்டரம்மா வணக்கம். எனக்கு வயசு 34, கோத்தகிரி பக்கம், சொந்த வண்டி வச்சு டூரிஸ்ட் ஓட்டறேன். போன ஐப்பசில மேட்டுப்பாளையத்துலேர்ந்து ஏறி வர்றப்ப குஞ்சப்பணை தாண்டினதும் மேகம் இறங்கிடுச்சு, பின்னாடி பார்ட்டி கைக்குழந்தையோட உக்காந்திருக்காங்க, திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிக்குது, விரலெல்லாம் மரத்துப்போச்சு, வாயைச் சுத்தி எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, அவ்ளோதான் உசுரு போகுதுன்னே நினைச்சேன். ஓரங்கட்டி நிறுத்தி ஒரு கால் மணி நேரத்துல அடங்கிடுச்சு. ஈசிஜி, எக்கோ எல்லாம் நார்மல். அப்புறம் அஞ்சு தடவை வந்துச்சு, ஒரு தடவை வீட்ல சும்மா டிவி பாத்துட்டு இருக்கறப்பவே. கோயம்புத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரில காட்டினேன், பேனிக் அட்டாக்னு சொல்லி எஸ்சிடலோப்ராம் எழுதினார், கூடவே "சிபிடி-யும் எடுத்துக்கங்க, நல்லா கேக்கும்"னார். அது என்னன்னு கேக்கறதுக்குள்ள அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுட்டாங்க. நெட்ல தேடினா சிபிடி-ன்னா கஞ்சாச் செடி எண்ணெய்னு வருது. பெங்களூர்லேர்ந்து வந்து ஹோம்ஸ்டேல தங்கியிருந்த ஒரு பார்ட்டிகிட்ட சொன்னேன், அவர் ஒரு பாட்டில் குடுத்தார், 3,500 ரூபா. மாத்திரை அஞ்சு நாள் போட்டேன், படபடப்பு இன்னும் கூடிச்சு, விட்டுட்டேன். எண்ணெய் மூணு வாரமா நாக்குக்கு அடில நாலு சொட்டு. கேக்குதான்னு தெரியலை, ஆனா டேஷ்போர்டுல பாட்டில் இருந்தா ஒரு தைரியம். ஒரு நாள் மறந்துட்டு கிளம்பி, அரவேணு வரைக்கும் போயிட்டு திரும்பி வந்து எடுத்துட்டுப் போனேன். தொடரலாமா? செக்போஸ்ட்ல மாட்டினா கேஸ் ஆகுமா? பேர் போடாதீங்க.

பதில்: தம்பி, அந்த டாக்டர் சொன்னது எண்ணெய் இல்லை. அவர் சொன்னது காக்னிட்டிவ் பிஹேவியர் தெரபி. அதை எங்க ஆளுங்க வாய்ல சுருக்கமா சிபிடி-ன்னுதான் வரும், கஞ்சாச் செடில இருக்கற கேனபிடயாலுக்கும் சிபிடி-ன்னுதான் பேர், இங்கிலீஷ்ல கடைசி எழுத்து வேற வேற, நம்ம காதுக்கும் தமிழ் எழுத்துக்கும் ரெண்டும் ஒண்ணேதான். ஒண்ணு பாட்டில்ல வர்றது, இன்னொண்ணு எதிர்ல ஒரு ஆள் உக்காந்து வாராவாரம் பேசிப் பழக்கறது. அரை நிமிஷம் எடுத்து விளக்கியிருந்தா உங்க 3,500 ரூபா தப்பிச்சிருக்கும். இனிமே இந்தப் பதில்ல எண்ணெய்னா எண்ணெய், பேச்சுன்னா பேச்சு, அந்த மூணெழுத்தை நான் எடுக்கப்போறதில்லை.

குஞ்சப்பணைல உங்களுக்கு என்ன ஆச்சுன்னு பாப்போம். உங்க ஊர்ல லைன் வீட்டு நாய் இருக்கும்ல, சிறுத்தை வந்தாலும் குலைக்கும், காத்துல தகரம் ஆடினாலும் அதே மாதிரிதான் குலைக்கும். உடம்புல அந்த நாய் வேலையைப் பாக்கறது அட்ரினலின். நெஞ்சு அடிக்கும், வேர்க்கும், மூச்சு வேகமாகும். மூச்சு வேகமானா ரத்தத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடு குறையும், அது குறைஞ்சா விரல் நுனி மரத்துப்போகும், வாயைச் சுத்தி எறும்பு ஊரும், தலை கிறுகிறுக்கும், சிலருக்கு சுத்தி இருக்கறதெல்லாம் கனவு மாதிரி தெரியும். மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர், கோத்தகிரி 1,800 மீட்டர் கிட்ட, ஏற ஏற மூச்சு லேசா மாறத்தான் செய்யும், அதுல மேகம், பின்னாடி கைக்குழந்தை, ஓரங்கட்ட இடமில்லாத ரோடு. மாரடைப்போன்னு ஒரு நினைப்பு வந்தா போதும், அந்த நினைப்பே இன்னொரு டோஸ் அட்ரினலினை இறக்கும், நெஞ்சு இன்னும் அடிக்கும், "பாத்தியா நான் சொன்னேன்ல"ன்னு மனசு சொல்லும். இந்தச் சுத்தலை 1986-ல டேவிட் கிளார்க்னு ஒரு இங்கிலீஷ் சைக்காலஜிஸ்ட் எழுதி வச்சார், பேச்சு சிகிச்சை நிக்கறது அதுமேலதான். பேனிக் பெரும்பாலும் 10 நிமிஷத்துக்குள்ள உச்சிக்குப் போயிட்டு தானா இறங்கிடும். உங்களுக்கும் கால் மணி நேரத்துல இறங்கிடுச்சு, அன்னிக்கு உங்ககிட்ட எண்ணெயும் இல்லை மாத்திரையும் இல்லை, கவனிச்சீங்களா?

என் கிளினிக்ல ஒருத்தர், உங்களை மாதிரியே வண்டி ஓட்டறவர்தான், நாலு தடவை ஈசிஜி எடுத்தும் நம்பலை. ஒரு நாள் அவரை நாற்காலில உக்கார வச்சு, நான் வாட்சைப் பாக்கறேன் நீங்க ஒரு நிமிஷம் நல்லா வேகமா மூச்சு வாங்கி விடுங்கன்னேன். அரை நிமிஷம் தாண்டினதும் கண்ணு விரிஞ்சுது, விரலைத் தூக்கிப் பாத்துட்டு "இதேதான் டாக்டரம்மா, இதேதான்"ன்னு கத்தினார், வெளில கம்பவுண்டர் எட்டிப் பாத்தார். மேசைக்கு எதிர்ல உக்கார வச்சு நான் உங்களுக்கு மாரடைப்பை வரவழைக்க முடியுமாய்யான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் விரலையே பாத்துட்டு இருந்துட்டு அப்புறம் சிரிச்சார். பேச்சு சிகிச்சைல இப்படித்தான் பண்ணுவாங்க, வேணும்னே மூச்சு வாங்க வைப்பாங்க, மாடிப்படி ஏற விடுவாங்க, நாற்காலில சுத்த விடுவாங்க, பயந்த அறிகுறி எல்லாம் கைக்குப் பழகிப்போகிற வரைக்கும். (ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், கர்ப்பம் இருந்தா இதை வீட்ல நீங்களா செய்யக்கூடாது.)

இப்ப பாட்டிலுக்கு வருவோம். உங்க லெட்டர்ல எனக்கு உறுத்தினது நாலு சொட்டு இல்லை, அரவேணுவுலேர்ந்து திரும்பி வந்தது. பாட்டில் வண்டில இருக்கறவரைக்கும் "நான் பொழைச்சது இதனாலதான்"னு மனசு கணக்கு எழுதிக்கும், தானா அடங்கினதுக்கு எல்லாம் பாட்டிலுக்கு பேர் போகும். சிலர் பர்ஸ்ல பதட்டத்துக்குப் போடற ஒரு அல்பிரசோலம் மாத்திரையை வருஷக்கணக்கா மடிச்சு வச்சிருப்பாங்க, போடவே மாட்டாங்க, ஆனா அது இல்லாம வாசப்படி தாண்ட மாட்டாங்க. அந்த மாத்திரையும் உங்க பாட்டிலும் ஒரே ஜாதி. நம்ம மலை வேற தைலத்துக்குப் பேர்போன மலை, எது வந்தாலும் ஒரு பாட்டிலை எடுத்து தேய்ச்சுப் பாக்கறது நம்ம ரத்தத்துலயே இருக்கு.

எண்ணெய்ல ஒண்ணுமே இல்லையான்னா, இருக்கு. 2019-ல வந்த ஒரு பிரேசில் ஆய்வுல 57 ஆம்பளைங்களுக்கு, நோய் எதுவும் இல்லாதவங்க, கேமரா முன்னாடி பேசறதுக்கு முன்ன அந்தக் கேனபிடயாலைக் குடுத்துப் பாத்தாங்க, 300 மில்லிகிராம் எடுத்தவங்களுக்கு பதட்டம் குறைஞ்சுது, 150-க்கும் கேக்கலை 600-க்கும் கேக்கலை. அது மேடைப் பயம், பேனிக் வேற. கடைல வர்ற 30 மில்லி பாட்டில்ல 1,000 மில்லிகிராம்னு போட்டிருந்தா, 300-க்கு ஒரே வேளைல பாட்டில்ல மூணுல ஒரு பங்கு காலியாகணும். நீங்க விடற நாலு சொட்டுல என்ன வருதுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க. அதுவும் லேபிள் நிஜமா இருந்தாத்தான். 2017-ல அமெரிக்கால ஆன்லைன்ல வாங்கின 84 பாட்டிலை லேப்ல போட்டுப் பாத்தாங்க, 26-தான் லேபிள்ல எழுதினபடி இருந்துச்சு, 18-ல போதை ஏத்தற டிஎச்சி இருந்துச்சு. டிஎச்சி கூடினா நெஞ்சு படபடக்கும், கூடவே பயமும் வரும். எதுக்கு பயந்து எண்ணெய் வாங்கினீங்களோ அதையே எண்ணெய் குடுக்கும். உங்க தொழில் ஸ்டியரிங் பிடிக்கறது வேற, போதை மருந்து ஏறின நிலைல வண்டி ஓட்டினா மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவு இருக்கு, குடிச்சிட்டு ஓட்டறதுக்குன்னு நாம நினைக்கற அதே பிரிவுதான்.

கேஸ் பத்தி: 1985-ல வந்த போதைப்பொருள் சட்டத்துல கஞ்சான்னா பூவும் காயும் வர்ற நுனிப்பகுதி, பிசின் எடுத்தா சரஸ். இலையும் விதையும் நுனியோட சேராம தனியா இருந்தா அந்த வரையறைக்குள்ள வராது. அந்த இடைவெளிலதான் இலையிலேர்ந்து எடுத்ததுன்னு ஆயுர்வேத லைசென்ஸ்ல, விஜயாங்கற பேர்ல, ஆயுர்வேத டாக்டர் சீட்டோட சிலர் விக்கறாங்க. உங்க பாட்டில் அப்படி சீட்டு, பில், லைசென்ஸ் நம்பரோட வந்ததா? யாரோ ஒருத்தர் பையிலேர்ந்து எடுத்துக் குடுத்தது இலையா பூவான்னு உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரிஞ்சிருக்காது. நுனின்னு லேப் சொல்லிட்டா ஒரு பாட்டில் சட்டத்துல சின்ன அளவுதான், ஆனா அதுக்கே ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா 10,000 ரூபா வரைக்கும் அபராதம், இல்லைன்னா ரெண்டும். பெர்மிட் வண்டி வச்சிருக்கீங்க, டேஷ்போர்டுல இதை வச்சுட்டு திரியாதீங்க.

மாத்திரையை அஞ்சு நாள்ல விட்டது உங்க தப்பு இல்லை, யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. எஸ்சிடலோப்ராம், செர்ட்ரலின் இந்த ரக மாத்திரையெல்லாம் முதல் ஒண்ணு ரெண்டு வாரம் படபடப்பைக் கொஞ்சம் கூட்டித்தான் விடும், அதனாலதான் பாதி மாத்திரைல ஆரம்பிக்கணும், பலன் தெரிய நாலு வாரம், சிலருக்கு ஆறு வாரம். நீங்க மூட்டையைத் தூக்கி ஏணில ரெண்டு படி ஏறி வலிக்குதுன்னு இறங்கிட்டீங்க. திரும்ப ஆரம்பிக்கறதா இருந்தா எண்ணெய் எடுத்ததை டாக்டர்கிட்ட சொல்லுங்க, ரெண்டும் கல்லீரல்ல ஒரே வழில போறதால மாத்திரையோட அளவு ரத்தத்துல ஏறலாம்.

எங்க போறது? ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில மனநல டாக்டர் இருக்காங்க, மாவட்ட மனநலத் திட்டத்துல தாலுகா ஆஸ்பத்திரிக்கும் முறை வச்சு வர்றாங்க, எந்தக் கிழமைன்னு கோத்தகிரி ஜிஹெச் ஓபி-ல கேட்டுக்கங்க. பேச்சு சிகிச்சை மொத்தமா 7-லேர்ந்து 14 மணி நேரம்னு பிரிட்டன் வழிகாட்டி சொல்லுது, அதாவது வாரம் ஒரு மணி நேரம்னா ரெண்டு மூணு மாசத்து வேலை. நடுராத்திரி தூக்கம் வராம உக்காந்திருந்தா 14416-க்கு அடிங்க, டெலி மானஸ், காசு கிடையாது, தமிழ்ல பேசுவாங்க. வண்டில வந்தா ஹசார்ட் லைட்டைப் போட்டு ஓரங்கட்டி, ஹேண்ட்பிரேக் போட்டு, மூச்சை உள்ள இழுக்கறதை விட்டுட்டு வெளிய விடறதை மெதுவாக்குங்க. பேப்பர் கவர்ல ஊதாதீங்க, நானே ஒரு காலத்துல அப்படிச் சொல்லிக் குடுத்தவதான், இப்ப சொல்றதில்லை, நிஜமாவே இதயமோ ஆஸ்துமாவோ இருந்தா அது ஆபத்து. அடங்கினப்புறம் அதே ரோட்டுல மேல போங்க, திரும்பி வராதீங்க. முதல்ல காலியா, கூட ஒரு ஆளை வச்சுட்டு அரவேணு வரைக்கும், அப்புறம் குஞ்சப்பணை வரைக்கும், அப்புறம் தனியா. பாட்டில் இல்லாம.

கேள்வி: பையன் கோயம்புத்தூர்ல இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். லீவுக்கு குன்னூர் வந்தவன் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பி "அம்மா நான் சாகப்போறேன், என் கை என் கையே இல்லை"ன்னு அழறான். காலைல கேட்டா ஃப்ரெண்டு குடுத்த கஞ்சா பிஸ்கட் சாப்பிட்டானாம். இப்ப ரெண்டு வாரமா கஞ்சா தொடலை, சத்தியம் பண்றான், ஆனா பயம் மட்டும் திரும்பத் திரும்ப வருது. ஆஸ்பத்திரில உண்மையைச் சொன்னா போலீசுக்குப் போகுமோன்னு பயமா இருக்கு. அவன் அப்பாவுக்குத் தெரியாது.

பதில்: அக்கா, பிஸ்கட்டுதான் இதுல ரொம்ப மோசம். புகைச்சா சில நிமிஷத்துல தெரிஞ்சிடும், போதும்னு நிறுத்திக்கலாம். தின்னா அரை மணி நேரத்துலேர்ந்து ரெண்டு மணி நேரம் வரைக்கும் ஒண்ணும் தெரியாது, "இதுல சரக்கே இல்லடா"ன்னு பசங்க இன்னொண்ணை எடுத்து வாய்ல போடுவாங்க, ரெண்டும் சேர்ந்து ஏறினப்புறம் இறங்க அரை நாள் கூட ஆகும். "என் கை என் கையே இல்லை"ங்கறது பயம் உச்சில இருக்கறப்ப வர்ற உணர்வு, மூளை கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்லை, அதை அவன்கிட்டயும் சொல்லுங்க, ஏன்னா அவன் ராத்திரியெல்லாம் போன்ல தேடிட்டு இருக்கறது அதைத்தான்.

இப்ப கஞ்சா இல்லாமலே வர்றது அந்த ராத்திரியோட மிச்சம். ஒரு தடவை நாய் கடிச்சவன் தெருவுல எந்த நாயைப் பாத்தாலும் ஒதுங்கற மாதிரி, அவன் தன் நெஞ்சுத் துடிப்பைப் பாத்தே ஒதுங்கறான். அதுக்கும் முதல் தம்பிக்குச் சொன்ன பேச்சுதான் வழி. அதுக்கு முன்னாடி இன்னொண்ணு கேளுங்க, திட்டாம கேளுங்க: அந்த ஒரு பிஸ்கட்டுதானா, இல்லை ஹாஸ்டல்ல தினமும் உண்டா? தினமும் எடுத்துட்டு திடீர்னு நிறுத்தினா தூக்கம் போகும், எரிச்சல் வரும், பதட்டம் வரும், முதல் வாரம் ரொம்ப, ரெண்டு வாரத்துல பெரும்பாலும் குறையும். அப்ப இந்தப் பயத்துல ஒரு பகுதி அதுவா இருக்கலாம்.

டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லியே ஆகணும். மனநல சிகிச்சைக்கு வர்றவங்க விஷயத்தை வெளிய சொல்லக்கூடாதுன்னு 2017 மனநலச் சட்டத்துலயே இருக்கு. போதைப்பொருள் சட்டத்துலயும் 64ஏ-ன்னு ஒரு பிரிவு இருக்கு, பழக்கத்துக்கு அடிமையானவங்க தானா முன்வந்து அங்கீகாரம் உள்ள இடத்துல சிகிச்சை எடுத்து முடிச்சா, சின்ன அளவு வச்சிருந்த கேசுலயோ உபயோகிச்ச கேசுலயோ வழக்குலேர்ந்து விலக்கு உண்டு. நீங்க மறைச்சா எங்களுக்குத்தான் கண்ணு கட்டின மாதிரி, தேவையில்லாத ஸ்கேனெல்லாம் எழுதுவோம்.

ஒரு விஷயத்துல மட்டும் காத்திருக்காதீங்க. யாரோ பேசற மாதிரி காதுல கேக்குது, ஃப்ரெண்டுங்க எல்லாம் தனக்கு எதிரா சதி பண்றாங்க, போன்ல யாரோ வேவு பாக்கறாங்கன்னு அவன் சொல்ல ஆரம்பிச்சா அது பேனிக் இல்லை. அன்னிக்கே கூட்டிட்டுப் போங்க, உங்க வீட்டு வழியிலயோ அவன் அப்பா வழியிலயோ யாருக்காவது மனநோய் இருந்திருந்தா அதையும் சொல்லுங்க. அவன் அப்பாகிட்ட சொல்றது உங்க இஷ்டம், ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு அடுத்த ரூம்ல தூங்கறவருக்கு இது ரொம்ப நாள் தெரியாம இருக்காது.

கேள்வி: நான் ரிட்டயர்டு வாத்தியார், ஊட்டி. என் பொண்ணு கலிஃபோர்னியால இருக்கா. அங்க டாக்டரே கஞ்சா எழுதிக் குடுக்கறாங்க, சிவன் கோயில் சாமியாருங்க காலங்காலமா எடுக்கறாங்க, சித்த வைத்தியத்துல இருக்கு. இங்க மட்டும் எங்கள மாதிரி பதட்டக்காரங்களுக்கு ஏன் மறுக்கறீங்க? இது வெள்ளைக்காரன் போட்ட சட்டமா?

பதில்: ஐயா, வெள்ளைக்காரன் தலைல இதை முழுசா கட்ட முடியாது. 1893-94-ல அவங்களே ஒரு கமிஷன் வச்சு ஊர் ஊரா விசாரிச்சு, மிதமா எடுக்கறவங்களுக்கு பெருசா கெடுதல் இல்லை, முழுத்தடை வேண்டாம்னு எழுதினாங்க. மேல்நாட்டு வைத்தியத்துக்கு இதை எடுத்துட்டுப் போனதே 1839-ல கல்கத்தால இருந்த ஓஷாக்னஸிங்கற டாக்டர்தான். இப்ப இருக்கற சட்டம் 1985-ல நம்ம பார்லிமெண்ட் போட்டது.

உலகம் மாறிட்டு இருக்குங்கறது நிஜம். கலிஃபோர்னியா 1996-லயே மருந்துக்கு விட்டுடுச்சு. 2020 டிசம்பர்ல ஐ.நா. கஞ்சாவை ரொம்பக் கடுமையான பட்டியல்லேர்ந்து எடுத்துடுச்சு. தாய்லாந்து 2022-ல கதவை முழுசா திறந்துட்டு 2025-ல டாக்டர் சீட்டு வேணும்னு பாதி சாத்திடுச்சு. 2018-ல அமெரிக்கால எபிடியோலெக்ஸ்னு கேனபிடயால் மருந்துக்கு அனுமதி குடுத்தாங்க, குழந்தைங்களுக்கு வர்ற ரெண்டு வகை கடுமையான வலிப்புக்கு, லெனாக்ஸ் காஸ்டோ, டிராவே. அதுக்கு ஆய்வு பண்ணாங்க, நிரூபிச்சாங்க, கல்லீரல் டெஸ்ட்டோட சேர்த்து எழுதறாங்க. அதுல எனக்கு மறுப்பே கிடையாது.

ஆனா நீங்க கேக்கறது பதட்டத்துக்கு. 2019-ல லான்செட் சைக்கியாட்ரி இதழ்ல மனநோய்க்கு கஞ்சா மருந்து பத்தின 83 ஆய்வை மொத்தமா போட்டு அலசினாங்க, இதை வச்சு சிகிச்சைக்கு சிபாரிசு பண்ற அளவுக்கு ஆதாரம் போதலைன்னுதான் முடிச்சாங்க. கலிஃபோர்னியால சீட்டு எழுதறாங்கன்னா சட்டம் விடுதுன்னு அர்த்தம், வேலை செய்யுதுன்னு அர்த்தம் இல்லை. வாத்தியாருக்கு இதைச் சொல்லணுமா, பரிட்சை எழுத விடறது வேற, பாஸ் ஆகறது வேற. சாமியார் விஷயத்துல ஒண்ணே ஒண்ணு சொல்றேன், அவர் குகைல உக்காந்திருக்கார், பிபி மாத்திரை எடுக்கறதில்லை, பேங்க் க்யூல நிக்கறதில்லை. நீங்க எடுக்கறீங்க, நிக்கறீங்க. வயசானவங்களுக்கு டிஎச்சி நாடித்துடிப்பை ஏத்தும், எழுந்து நின்னா பிரஷர் இறங்கும், ஊட்டிக் குளிர்ல ராத்திரி பாத்ரூம் போறப்ப கீழ விழுந்து இடுப்பு எலும்பு போனவங்களை நான் நிறைய பாத்துட்டேன், அதுக்குக் கஞ்சாகூட வேண்டியதில்லை. நாளைக்கு நல்ல ஆய்வு வந்து கேக்குதுன்னா இதே பக்கத்துல நான் மாத்தி எழுதறேன்.

கேள்வி: எஸ்டேட்ல கொழுந்து பறிக்கறேன். மேடு ஏறினா நெஞ்சு அடைக்குது, மூச்சு வாங்குது, கண்ணு இருட்டுது. பயந்திருக்கா, மந்திரிச்சுட்டு வான்னு மாமியார் சொல்றாங்க. பக்கத்து லைன்ல படிச்ச பொண்ணு இது பேனிக்-குங்கறா. (போன்ல கேட்டவர், கூடலூர் பக்கம்)

பதில்: மேடு ஏறினா மட்டும் வருது, உக்காந்தா அடங்குதுன்னா அது பேனிக்னு அவசரப்பட்டு பேர் வைக்காதம்மா. முதல்ல ரத்தம் எவ்வளவு இருக்குன்னு பாரு, ஹீமோகுளோபின், எஸ்டேட் டிஸ்பென்சரிலயோ ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ பாப்பாங்க. நாக்கையும் கண்ணோட கீழ் இமையையும் கண்ணாடில பாரு, வெளுத்திருக்கா? மாசாமாசம் போக்கு அதிகமா இருக்கா? அப்புறம் தைராய்டு, சுகர், பிரஷர், ஒரு ஈசிஜி. நம்ம மலையில பழங்குடிக் குடும்பங்கள்ல சிக்கிள் செல்னு பரம்பரையா வர்ற ரத்த நோய் இருக்கு, உங்க வீட்ல யாருக்காவது இருந்து நெஞ்சு வலியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தா 108-ஐக் கூப்பிடு, மறுநாளைக்குத் தள்ளாத. வலி இடது கைக்கோ தாடைக்கோ இழுத்துட்டுப் போனாலும் அதேதான், யாருக்கா இருந்தாலும். மாமியார் மந்திரிக்கச் சொன்னா மந்திரிச்சுக்கோ, நான் குறுக்க நிக்கலை, ஆனா போற வழிலதானே சுகாதார நிலையம், ரத்தத்தைக் குடுத்துட்டுப் போ.

கேள்வி: ஆர்கானிக் கடைல ஹெம்ப் சீட்ஸ்னு விக்கறாங்க. தினம் ரெண்டு ஸ்பூன் சாப்பிட்டா பதட்டம் போகுமா?

பதில்: போகாது. அது கஞ்சாச் செடியோட விதை, 2021-லேர்ந்து உணவா விக்க அனுமதி உண்டு, புரதமும் நல்ல கொழுப்பும் இருக்கு, டிஎச்சி-யும் கேனபிடயாலும் விதைக்குள்ள கிடையாது. கொள்ளும் எள்ளும் இதைவிட சல்லிசு.

கேள்வி: தேயிலை ஃபேக்டரில நைட் ஷிஃப்ட். எனக்கும் இந்தப் படபடப்பு உண்டு, மாத்திரை வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். வேற ஏதாவது?

பதில்: எத்தனை டீன்னு எழுதலையே. ஃபேக்டரிக்காரங்ககிட்ட இதைக் கேக்கறது மீனவர்கிட்ட கடல் எங்கன்னு கேக்கற மாதிரின்னு தெரியும். ஒரு டம்ளர்ல 30-லேர்ந்து 50 மில்லிகிராம் காஃபின் இருக்கும், ஸ்ட்ராங்கா போட்டா இன்னும் கூட, ஷிஃப்டுக்கு எட்டு டம்ளர் குடிச்சா 400 வரைக்கும் வந்துடும், பேனிக் உள்ளவங்களுக்கு அது நெருப்புல நெய். ஒரேயடியா விட்டா தலைவலி பின்னிடும், அதனால ரெண்டு நாளைக்கு ஒரு டம்ளரா குறைச்சு மூணுல நிறுத்துங்க, கடைசி டீ ராத்திரி ஒரு மணிக்கு முன்னாடி. வர்க்கியைக் குறைக்கச் சொல்லலை. ரெண்டு வாரம் கழிச்சும் அதே மாதிரி வந்தா அடுத்த மாசம் எழுதுங்க, இந்தத் தடவை டம்ளர் கணக்கோட.